பெஞ்சில் அமர்ந்திருக்கும் தகப்பன்மார்



கோடை விடுமுறை நெருங்குகிறது. கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்த மே மாசமும் எல்லாரும் கிளம்புறோம். ஜெபம் பண்ணிக்கோங்க" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவருடைய குடும்பம் ஆண்டுதோறும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வருவதை நம்மில் பலர் அறிவோம். முதலில் அவரும் அவருடைய கணவரும் தங்கள் மகனை அழைத்துப் போனார்கள். கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பும் அந்தப் பயணம் நின்றுவிடவில்லை. இப்போது அந்த மகன் தன் பிள்ளைகளை அழைத்துப் போகிறார். மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் பாட்டியும் உடன் போகிறார்.

இத்தகைய பயணங்களைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் நான் பிரசங்க பீடத்திலிருந்து கடுமையாகப் பேசியதுண்டு. ராட்டினத்தில் சுற்றுவதற்குச் செலவிடும் பணத்தை வேறு நற்காரியங்களுக்குக் கொடுக்கலாமே என்று சொன்னேன். சொன்னதில் பாதி இன்றும் சரியென்றே நினைக்கிறேன். மற்றப் பாதியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு என் சொந்த வீட்டில் கற்ற ஒரு பாடமே காரணம்.

என் மகளுக்கு 9 வயதாயிருந்தபோது, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கும் இடையே கிடைத்த ஒரே நாளில் குடும்பமாக ஒரு பூங்காவுக்குப் போனோம். நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்ததென்று எண்ணினேன். மர நிழலில் ஒரு பெஞ்சில் அமர்ந்து, எல்லாருடைய பைகளையும் செருப்புகளையும் சாப்பாட்டுக் கூடையையும் காவல் காத்தேன். மடியில் குறிப்பேடு. ஞாயிறு பிரசங்கத்தை அங்கேயே எழுதி முடித்தேன். அதில் எனக்கு மிகுந்த திருப்தி.

அந்த மகளுக்கு இன்று ஒரு மகன் இருக்கிறான். சென்ற ஆண்டு அவனை முதன்முதலாக ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போகத் திட்டமிட்டபோது என்னையும் கூப்பிட்டாள். "அப்பா, நீங்களும் வாங்க. ஆனா பை பாத்துக்கிறதுக்கு இல்ல" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஒவ்வொரு ராட்டினத்துல இருந்து இறங்கும்போதும் அந்த பெஞ்சத்தான்பா பாத்தேன். நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் அதை மறக்காமல் வைத்திருந்தாளே என்பது என்னை அசைத்துவிட்டது.

பெஞ்சைப் பற்றிச் சொன்னதும் இன்னொரு பெஞ்சும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிஃபித் பூங்கா என்றொரு பெரிய பூங்கா உண்டு. அங்கே ஒரு பழைய குடை ராட்டினம் இருக்கிறது. திரைப்படத் தயாரிப்பாளர் வால்ட் டிஸ்னி தம் இரு மகள்களையும் வார இறுதியில் அங்கே அழைத்துப் போவது வழக்கம். மகள்கள் மரக்குதிரைகளில் சுற்றிவர, அவர் பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ்வதற்கு ஓர் இடம் இருக்கக்கூடாதா என்ற எண்ணம் அங்கேதான் தமக்குப் பிறந்தது என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, அனாஹைம் என்ற ஊரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த நிலத்தில், டிஸ்னிலேண்டாகத் திறக்கப்பட்டது. கிரிஃபித் பூங்காவின் பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, அவரும் பெஞ்சில் அமர்ந்திருந்தார். நானும் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாம் அவர்களோடு இல்லையே என்று வருந்தினார். நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வருத்தம் தோன்றவேயில்லை. இன்று எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அந்த பெஞ்சுகள் நிரம்பியிருக்கின்றன. குறிப்பேட்டின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது, அவ்வளவே.

ஒரு குடும்பத்தில் இத்தகைய பயணத்தின் மேலுள்ள பிரியம் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கடந்து போகிறது? பெரிய ராட்டினமோ விலையுயர்ந்த சீட்டோ அதைக் கடத்துவதில்லை. கூட ஏறி அமர்ந்தவர் கடத்துகிறார். சென்னையில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் அசையாமல் நின்ற 'சிலை மனிதரை' அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவரைச் சிரிக்கவைக்கத் தாம் செய்த குறும்புகளைச் சொல்லும்போது, பக்கத்தில் நின்று தம் தகப்பனார் செய்த குறும்பையும் சேர்த்தே சொல்வார்கள். கொச்சியில் 2000-ஆம் ஆண்டு வீகாலேண்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டு, பின்னர் வொண்டர்லா என்று பெயர் மாறிய பூங்காவுக்கு அந்நாளில் போன சிறுவர்கள், இன்று தம் பிள்ளைகளின் கைப்பிடித்து வரும் வயதில் இருக்கிறார்கள். பூங்காவின் பெயர் மாறலாம், ராட்டினங்கள் மாறலாம். "உன் வயசுல நான் இங்கதான் பயந்து அழுதேன், தாத்தா என்ன தூக்கிக்கிட்டாரு" என்ற ஒரு வாக்கியம் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால் போதும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1843-இல் திறக்கப்பட்ட டிவோலி பூங்காவில், 1914-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். கொள்ளுப்பாட்டி ஏறிய அதே பாதையில் கொள்ளுப்பேரன் ஏறலாம். புதியது புதியது என்று ஓடுகிற இக்காலத்தில், மாறாத ஒன்றைச் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்வதிலும் ஒரு பேரின்பம் உண்டென்று அந்த மரப்பாதை நமக்குச் சொல்கிறது.

"என் தகப்பனார் என்னை எங்கும் அழைத்துப் போனதில்லையே, நான் எதைக் கடத்துவேன்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். வால்ட் டிஸ்னியின் தகப்பனார் எலியாஸ் கண்டிப்பான மனிதர். கன்சாஸ் சிட்டி நகரில் அவர் செய்தித்தாள் விநியோகம் எடுத்தபோது, சிறுவராயிருந்த வால்ட்டும் அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து, பனியிலும் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். அந்த வேலைக்குத் தகப்பனார் கூலி தரவில்லை. வேலையை விட்டு நெடுங்காலமான பின்பும், ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போட மறந்துவிட்டதாக வால்ட் கனவு கண்டு திடுக்கிட்டு எழுவாராம். அப்படி வளர்ந்தவர்தான் பிள்ளைகளுக்காக ஓர் உலகத்தைக் கட்டினார். கட்டியபின் தகப்பனாரை அவர் ஒதுக்கவில்லை. எலியாஸ் 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டுமான வேலையில் தச்சராக உழைத்தவர். டிஸ்னிலேண்டின் முதன்மைத் தெருவில் ஒரு மாடிச் சன்னலில் 'எலியாஸ் டிஸ்னி, காண்டிராக்டர்' என்ற பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பூங்கா திறக்கும்போது தகப்பனார் உயிரோடில்லை, 1941-லேயே மறைந்துவிட்டார். ஆனாலும் அவருடைய பெயர் அங்கே இருக்கிறது.

தமக்குக் கிடைக்காததைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கொடுக்க முடியாமற்போன தகப்பனையும் கனம்பண்ணினார். நம்மில் அநேகருடைய தகப்பன்மார் வயலிலும் பட்டறையிலும் பள்ளிக்கூடத்திலும் ஓயாமல் உழைத்தவர்கள். அவர்களுக்கு விடுமுறை என்ற சொல்லே தெரியாது. அவர்களைக் குறைசொல்லாமல், மகிழ்ச்சியின் வழக்கத்தை நம்மிலிருந்து தொடங்குவோம்.

வேதத்தில் ஆண்டுதோறும் பயணம் போன ஒரு குடும்பத்தைக் காண்கிறோம். நாசரேத்தூரிலிருந்து யோசேப்பும் மரியாளும் பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போவார்கள். இயேசு 12 வயதாயிருந்தபோது போன பயணத்தை லூக்கா விவரிக்கிறார். திரும்பும் வழியில் பிள்ளை உறவினரோடும் அறிமுகமானவரோடும் வருகிறானென்று எண்ணி ஒரு நாள் தூரம் வந்துவிட்டார்கள் என்றால், எத்தனை குடும்பங்கள் சேர்ந்து நடந்திருக்கவேண்டும்! பண்டிகைப் பயணமும் கேளிக்கைப் பயணமும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆயினும், ஆண்டுதோறும் ஒரே வழியில் சேர்ந்து நடந்த குடும்பத்தின் பிள்ளைக்கு அந்த வழி தன் சொந்த வழியாகிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிலும் தாய் ஐனிக்கேயாளிலும் முதலில் குடியிருந்ததைப் பவுல் நினைவுகூருகிறார். பெரியவை கடந்துபோவது இப்படித்தான். சிறியவையும் இப்படியே கடந்துபோகின்றன. சிறியவற்றில் நாம் அருகில் இருந்தால்தான், பெரியவற்றைப் பற்றி நாம் பேசும்போது பிள்ளைகள் செவிகொடுப்பார்கள்.

ஆகவே, இந்த விடுமுறைக்குப் புறப்படுகிறவர்களுக்கு நான்கு விண்ணப்பங்கள்.

முதலாவது, கடன் வாங்கிப் போகாதிருங்கள். டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு. இன்று அங்கே ஒரு நாள் சீட்டு 100 டாலருக்கு மேல். நம் ஊர்ப் பூங்காக்களிலும் நான்கு பேர் போய்வந்தால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. கடனட்டையில் போய்வந்து, பத்து மாதம் தவணை கட்டி, அதனால் வீட்டில் சண்டை வருமானால் பிள்ளைகளின் நினைவில் சண்டைதான் நிற்கும். நான் அன்று பிரசங்கித்ததில் திரும்பப் பெறாத பாதி இதுவே. தீவுத்திடல் பொருட்காட்சியிலோ ஊர்த் திருவிழாவிலோ உள்ள ராட்டினமும் ராட்டினந்தான். ஆண்டுதோறும் சேர்ந்து ஏறினால் அதுவும் குடும்பச் சொத்தாகும்.

இரண்டாவது, பயப்படுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஏற்றாதிருங்கள். நமக்குப் பிரியமானது பிள்ளைக்கும் பிரியமாக இருந்தாகவேண்டும் என்ற பிடிவாதத்தில் அநேகக் காரியங்களைக் கெடுத்துவிடுகிறோம். இந்த ஆண்டு அவன் கீழே நிற்கட்டும். நீங்களும் அவனோடு நில்லுங்கள். அடுத்த ஆண்டு அவனே கையைப் பிடித்து இழுத்துப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, முதியவர்களை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகாதிருங்கள். நடக்க முடியாதென்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில்லை. வால்ட் டிஸ்னி 1966-இல் மறைந்தபோது, ஃபுளோரிடாவில் அவர் எண்ணியிருந்த இரண்டாம் பூங்கா தொடக்க நிலையிலேயே இருந்தது. ஓய்வுபெறும் வயதைக் கடந்திருந்த அண்ணன் ராய் அந்த வேலையைத் தோளில் சுமந்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அதைத் திறந்தபோது, தம்பியின் முழுப்பெயரும் அதில் இருக்கவேண்டுமென்று உறுதியாய் நின்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்று பெயரிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ராயும் மறைந்தார். 78 வயது முதியவர் ஒருவர் பிள்ளைகளின் விளையாட்டுக்காக இவ்வளவு உழைக்கக் கூடுமானால், நம் வீட்டு முதியவர் ஒரு மாலைப்பொழுது அங்கே அமர்ந்து சிரிக்கமாட்டாரா?

நான்காவது, காரில் ஓர் இடம் காலியாயிருந்தால், போக வசதியில்லாத ஒரு வீட்டுப் பிள்ளையை அழைத்துப்போங்கள். அதைப் பிறகு பேசிக்காட்டாதிருங்கள்.

சென்ற ஆண்டு நான் மகளோடும் பேரனோடும் போனேன். பெரிய ராட்டினங்களில் ஏற மருத்துவர் அனுமதிக்கமாட்டார் என்பது உண்மை. எனக்குத் துணிவும் இல்லை என்பதும் உண்மை. குடை ராட்டினத்தில் பேரனை என் முன்னே குதிரையில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றபடி சுற்றினேன். மூன்றாம் சுற்றில் தலை கிறுகிறுத்தது. இறங்கும்போது பார்த்தேன்: எங்கள் பைகளோடு பெஞ்சில் என் மகள் அமர்ந்திருந்தாள். கைப்பேசி பைக்குள் இருந்தது. எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். 9 வயதில் அவளுக்கு நான் தராத அந்தக் கையசைப்பை அவள் எனக்குத் தந்தாள்.

அன்றைக்கு நான் எழுதி முடித்த பிரசங்கம் எதைப் பற்றியது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமோ, வளர்ந்துவிட்ட மகன் மகளிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "நாம் சேர்ந்து போன இடங்களில் உனக்கு எது நினைவிருக்கிறது?" பதில் வரும்போது தடுக்காமல், நியாயம் சொல்லாமல் கேளுங்கள். அந்தப் பதிலில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கவனியுங்கள். பெஞ்சில் இருந்திருந்தால் கலங்கவேண்டாம். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், விடுமுறையும் வருகிறது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்தருள்வாராக.

அன்புடன்,
உங்கள் ஆயர்