தாயைக் குற்றம் சொல்லாதே! தொட்டிலுக்கு இடம் கொடு!



"பிள்ளையை வளர்க்கத் தாய்மாருக்குத் தெரியவில்லை, அதனால்தான் குழந்தைகள் சோனியாய்க் கிடக்கின்றன" என்று மேடைதோறும் உபதேசம் நடக்கிறது. தங்கவயலில் இது பொய் என்கிறோம் நாம்!

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் பெங்களூர் வண்டிதான் நமக்குச் சோறு. சீசன் டிக்கெட்டோடு ஏறும் பெண்களை நாள்தோறும் பார்க்கிறோம். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போய் உழைத்துவிட்டு, இருட்டிய பின் திரும்புகிறார்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தாய் பெங்களூரில், குழந்தை லைன் வீட்டில், பாட்டி மடியில்! பாட்டி கொடுப்பது டீயும் பன்னும். வாசலில் திறந்த சாக்கடை; வயிற்றுப்போக்கு வந்தால் தின்றதும் உடம்பில் ஒட்டாது. இதில் தாயின் அறியாமை எங்கே இருக்கிறது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை; 65 பேருக்கு ரத்தசோகை. பக்கத்துத் தமிழ்நாட்டில் உயரம் குன்றியோர் 25 பேர். இது தலைவிதி அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பள்ளியில் முட்டையும் பாலும் தருகிறார்கள்; வரவேற்கிறோம். ஆனால் கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாளில் இழந்த வளர்ச்சியை ஆறு வயதில் முழுதாக மீட்க முடியாது. அங்கன்வாடியில் சூடான சோறு மூன்று வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே வீட்டுக்கு மாவுப் பொட்டலம். பொட்டலம் ஊட்டிவிடுமா?

2017-ல் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கினார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் தினக்கூலிக்கும் அது ஏட்டுச் சுரைக்காய். வேலைத்தலத்தில் காப்பகம் வை என்றும் சட்டம் சொல்கிறது. நெரிசல் வண்டியில் கைக்குழந்தையைத் தூக்கிப் போக முடியுமா? கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2023-ல் 'கூசின மனே' காப்பகம் அறிவித்த கர்நாடக அரசே, நகரசபைக்குள் வாழும் நம் பிள்ளைகள் பிள்ளைகள் இல்லையா?

நம் வீட்டுக் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். கர்ப்பிணி கடைசியாகச் சட்டி வழித்துச் சாப்பிடும் வழக்கத்தை ஆண்களாகிய நாம்தான் ஒழிக்க வேண்டும்.

நம் கோரிக்கை ஒன்றே: வார்டுதோறும் காப்பகம்! முதல் வண்டிக்கு முன் திறந்து, கடைசி வண்டிக்குப் பின் மூடும் காப்பகம்! அடுத்த வார்டுக் கூட்டத்துக்கு உங்கள் பிள்ளையின் எடை அட்டையோடு வாருங்கள். அதைவிடப் பெரிய மனு நமக்குத் தேவையில்லை!