அறுபத்து நான்கு கட்டங்களும் ஓர் எண்ணும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து 64 கட்டங்களையும் நிரப்பித் தருமாறு மன்னனிடம் கேட்ட அறிஞரின் கதையை அறியாதார் நம்மிடையே இலர். களஞ்சியம் வற்றியது, மன்னன் தலைகுனிந்தான் என்றதும் அவையில் கைதட்டல் எழும். கதையும் அத்துடன் முடிந்துவிடும். அந்த எண்ணை எவரும் நெருங்கிப் பார்ப்பதில்லை என்பதே என் மனக்குறை. தமிழ்த்துறை மலரில் கணக்கா என்று முகஞ்சுளிப்போர் பொறுத்தருள்க.

எண் இதுதான்: 18446744073709551615. இருபது இலக்கங்கள். இன்றைய கணிப்பொறி 64 இருமக் கட்டங்களில் அடக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே.

குவாரிஸ்மில் 973ஆம் ஆண்டு பிறந்த அல்பிரூனி, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய 'ஆஸாருல் பாகியா' என்னும் நூலில் இதனைக் கணித்துத் தந்துள்ளார். அவர் 63 முறை இரட்டித்துக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கமாக்கினால், முதற் கட்டத்திலிருந்து அதைப்போல் இருமடங்கு தொலைவிலுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும் என்று கண்டார். ஐந்தாம் கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256, ஒன்பதாம் கட்டத்திற்குரியது. அவ்வாறே 17ஆம் கட்டத்திற்கு 65536. 33ஆம் கட்டத்திற்கு 4294967296. இன்னுமொரு முறை வர்க்கமாக்கினால், பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்தை எட்டிவிடுகிறோம். எந்தக் கட்டத்தின் எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகை கிடைக்கும். ஆகவே ஒன்றைக் கழிக்க, விடை!

ஏறிவந்த படிகளைத் திரும்பிப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. இவ்வாறையும் பெருக்கினால் அதே இருபது இலக்க எண் வந்து நிற்கும். இதற்கு உயர்கணிதம் வேண்டா. இரு வர்க்கங்களின் வித்தியாசம் பற்றிய பள்ளிப் பாடமே போதும்.

இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அவ்வாறே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர், அது 641, 6700417 ஆகிய இரண்டின் பெருக்கம் என்று காட்டினார். அதன் பகாக் காரணி எதுவாயினும் அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதையும் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577 என்று செல்ல, ஐந்தாவதாக நிற்பது 641. மேதை சொன்னதாயினும் வகுத்துப் பார்த்தே ஏற்பது என்ற துணிவு ஆய்லருக்கு இருந்தது.

நம் விழாக்களில் அல்பிரூனியின் பெயர் ஒலிக்கிறது. அவர் கணக்கு ஒலிப்பதில்லை. முன்னோர் பெருமை பேசுவதை நான் பழிக்கவில்லை, நானும் பேசியவனே. ஆயினும் வழியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சுமப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுத்த முறை இக்கதையைச் சொல்லும் ஆசிரியப் பெருமக்கள், கைதட்டல் அடங்கியபின் அந்த ஆறு படிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டுகிறேன். மாணவர்கள் 4294967297ஐ 641ஆல் கைக்கணக்காகவே வகுத்துப் பார்க்கட்டும். மீதியின்றி வகுபடும், அதற்கு ஒரு பாடவேளைகூடத் தேவைப்படாது.