காபி அலுங்கலை, கடல் பொங்கிடுச்சு

2001 செப்டம்பர் 25. ராத்திரி எட்டரை மணி இருக்கும். கடலூர்ல எங்க வீட்டு சமையல்கட்டுல பாத்திரமெல்லாம் கலகலன்னு ஆடுச்சு. தெருவே வெளியில வந்து நின்னுச்சு. பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் நிலநடுக்கம், அளவு 5.5. நாங்கள் பயந்தபடி அலை எதுவும் வரலை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29. சிதம்பரத்துல மாமா வீட்டுத் திண்ணையில காபி குடிச்சிட்டிருந்தேன். டம்ளர் காபி கூட அலுங்கலை. அதே நேரத்துல சுமத்ரா பக்கம் 9.1 அளவுக்கு பூமி கிழிஞ்சிட்டிருந்துச்சு. ரெண்டு மணி நேரம் சொச்சத்துல தேவனாம்பட்டினத்துலயும் சாமியார்பேட்டையிலயும் கடல் உள்ளே வந்தாச்சு. நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க.

சின்னது பாத்திரத்தை உருட்டுது, பெரிசு காபியைக் கூட அசைக்கலை. "தூரம்தான் காரணம்"னு சொல்வீங்க. பாதி சரி. வேகமான அதிர்வு தூரம் போகப்போக அடங்கிடும். ஆனா மெதுவான அலை அடங்காம வரும். அன்னிக்கு இலங்கையில தரை 9 செ.மீ.க்கு மேல ஏறி இறங்கினதா கருவிகள் பதிவு பண்ணியிருக்கு. ஒரு சாண்ல பாதி! அவ்வளவு நிதானமா ஏறி இறங்கினதால மனுஷ உடம்புக்குத் தெரியாது.

இந்த இடத்துலதான் நில அதிர்வுமானி எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். அடிப்படையில அது ஒரு ஊசல். தரை ஆடும்போது குண்டு அசையாம நின்னா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பதிவாகும். ஊசலின் அலைவு நேரத்தை விட தரை வேகமா ஆடினா குண்டு நிக்கும். தரை ரொம்ப மெதுவா ஆடினா குண்டும் கூடவே போயிடும், பதிவு கிட்டத்தட்ட பூஜ்யம். 1 விநாடி ஊசல்ல 20 விநாடி அலை வந்தா அசைவுல 400-ல ஒரு பங்குதான் தெரியும்.

சரி, 20 விநாடி ஊசல் வேணும்னா? சாதாரணமா தொங்கவிட்டா கயிறு சுமார் 100 மீட்டர் வேணும். சிதம்பரம் கோபுரம் 40 மீட்டர் சொச்சம்தான். அது உச்சியிலேர்ந்து தொங்கவிட்டாலும் 13 விநாடி கூட வராது! அதனால வேற தந்திரம் பண்ணினாங்க. கீல் லேசா சாய்ஞ்ச கேட் எவ்வளவு மெதுவா ஆடும், பாத்திருக்கீங்களா? அதே மாதிரி குண்டைப் படுக்க வெச்சுத் தொங்கவிட்டாங்க.

அடுத்தது தடை. ஊஞ்சலை அதன் தாளத்துலயே தள்ளினா எகிறும், விட்ட பிறகும் ஆடும். தடை இல்லாத கருவியும் அப்படித்தான். பூமி நின்ன பிறகும் அது தன் பாட்டுக்கு ஆடிக் கோடு போடும். 1899-ல கொடைக்கானலுக்கு வந்த மில்ன் கருவி அந்த ரகம். பிறகு ஷா என்பவர் காந்தத்துக்கு நடுவே உலோகத் தகட்டை ஓடவிட்டு அதை அடக்கினார். தடை அதிகமானாலும் ஆபத்து, கருவி மந்தமாயிடும். தள்ளிவிட்ட ஊசல் மறுபக்கம் போகாம அப்படியே திரும்பி நிக்க எவ்வளவு தடை வேணுமோ, அதுல 70 சதவீதம் வெச்சா நல்ல பதிவு கிடைக்கும்.

2004-ல கருவிகள் பழுதில்லை. மெதுவான அலைகளும் பதிவாச்சு. ஆனா அவசரத்துல முதல்ல வந்த வேகமான அலைகளை வெச்சுக் கணக்குப் போட்டாங்க. ஹவாய் மையம் முதல் கால் மணியில சொன்னது 8.0, ஒரு மணி நேரம் கழிச்சு 8.5. மெதுவான அலைகளைப் பார்த்த பிறகுதான் 9-ஐத் தொட்டுச்சு. அதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சிருந்தது.

நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம உடம்பும் ஒரு குறுகிய அலைவு நேரக் கருவிதான். பாத்திரம் உருண்டா பயப்படுறோம், காபி அலுங்கலைன்னா நிம்மதியா இருக்கோம். ரெண்டுமே தப்பாகலாம். "கடல் உள்வாங்கட்டும், அப்புறம் ஓடலாம்"னு காத்திருக்கிறதும் தப்பு. தாய்லாந்து பக்கம் முதல்ல கடல் உள்வாங்குச்சு, நம்ம பக்கம் முதல்ல வந்ததே ஏறும் அலைதான்.

2007-லேர்ந்து ஹைதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு. நீண்ட அலைகளையும் பிடிக்கிற கருவிகள் இருக்கு. அங்கேர்ந்து சேதி வரும்போது "இங்க ஒண்ணுமே ஆடலையே, சும்மா புரளி"ன்னு கரையில நிக்கிறவங்களை நினைச்சாத்தான் எனக்கு பயம்.

டிசம்பர் 26-ன்னா கடல்ல பால் ஊத்தி அழறோம். அழணும்தான். அன்னிக்கு கடலோரப் பள்ளிகள்ல ஒரு கயிறு, ஒரு கல், ஒரு வாளித் தண்ணியை வெச்சு பிள்ளைகளுக்கு இந்த ஊசலையும் காட்டிடுங்க. பத்து நிமிஷ வேலை. கால் உணராததை கருவி உணரும்னு ஒரு பிள்ளை நம்பினா, அது வீட்டையே கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடும்.