பழைய கொத்தில் புதிய வட்டு

கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் நூற்பாலை தோன்றிய நாள் தொட்டு இந்நகரத்தார்க்குக் கிடங்கு என்பது நன்கு பழகிய பொருள். பஞ்சுப் பொதி மிகுந்தால் மற்றொரு கிடங்கை வாடகைக்குப் பிடிப்பர். பழைய கிடங்கிலுள்ள பொதிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். புதுக் கிடங்கின் சாவி கணக்குப்பிள்ளையின் கொத்தில் சேரும். அவ்வளவோடு காரியம் முடிந்தது. இப்பழக்கத்தின் பயனாகவோ என்னவோ, கணினியிலுள்ள தரவுத்தளம் நிரம்பினாலும் புது வட்டு ஒன்றை விலைக்கு வாங்கிச் செருகிவிட்டாற் போதும் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஆலை முதலாளிகள் மட்டுமல்லர், மருத்துவசாலைகளை நடத்துவோரும் கல்லூரி அலுவலகங்களை மேற்பார்ப்போரும் இவ்வாறே கருதுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதையும், அப்பிழையின் சுமை யார் தலையில் விழுகின்றது என்பதையும் இச்சஞ்சிகையின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் கொத்தின் இயல்பைக் கூறுவோம். 1970-ஆம் ஆண்டில் காட் என்னும் அறிஞர் தரவுகளை அட்டவணைகளாக வகுத்து வைக்கும் நெறியை வெளியிட்டார். அந்நெறியைத் தழுவி எழுந்த தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஒரு கணினிக்கு ஒரு தளம் என்ற முறையிலேயே நடைபெற்று வந்தன. அக்கணினி நின்றால் அலுவலகமும் உடன் நின்றது. 1983-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியார் தங்கள் வாக்ஸ் கணினிகள் பலவற்றை, ஒரே வட்டுகளைப் பகிர்ந்து வேலை செய்யும்படி இணைத்தனர். 2001-இல் ஆரக்கிள் கம்பெனியார் தங்கள் தரவுத்தளத்தின் ஒன்பதாம் பதிப்போடு ராக் என்று சுருக்கமாக வழங்கும் கிளஸ்டர் முறையை வெளியிட்டனர். இரண்டோ நான்கோ கணினிகள் ஒரே தரவுத்தளத்தை ஒரே சமயத்தில் திறந்து நடத்தும். அவை ஒவ்வொன்றையும் நோடு என்பர். ஒரு நோடு வீழ்ந்தால் மற்றது வேலையை ஏற்றுக்கொள்ளும். இவ்வாறு கணினிகள் பலவாயினும் வட்டுகள் அனைவர்க்கும் பொது என்பதே இம்முறையின் உயிர்நிலை. இனி யாம் கூறப்போகும் இடர்கள் யாவும் அதனின்றே பிறக்கின்றன.

இத்தகைய தளங்களை நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பது எளிதன்று. ரயில்வே முன்பதிவுக்காகத் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்திடங்களில் அமைந்த மையங்கள் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அங்கே நள்ளிரவையொட்டிச் சிறிது நேரம் முன்பதிவை நிறுத்தி வைப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. ஆனால் மருத்துவசாலையின் அவசரப் பிரிவுக்கு நள்ளிரவென்பது ஏது? ஆகவே தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டைச் சேர்க்கும் வழி வேண்டியதாயிற்று. ஆரக்கிளின் பத்தாம் பதிப்போடு, 2003-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஏ.எஸ்.எம். என்னும் அமைப்பு அவ்வழியைத் தந்தது. அது பல வட்டுகளை ஒரு குழுவாக்கித் தரவுகளைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி எல்லா வட்டுகளிலும் ஒரு சீராகப் பரப்பி வைக்கின்றது.

நொய்யலாற்று நீரை வாய்க்கால் வழியே பெற்று ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும் நம் நகரத்துக் குளங்களை மாணாக்கர் அறிவர். செல்வசிந்தாமணிக் குளத்தின் மிகை நீர் உக்கடம் பெரியகுளத்தை அடையும். அதன் மிகை வாலாங்குளத்துக்குச் செல்லும். இவ்வரிசையின் கடையில் புதுக் குளம் ஒன்றை வெட்டினால், மேலுள்ளவை நிரம்பிய பின்னரே அதற்கு நீர் கிட்டும். வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து வைக்கும் பழைய முறை ஏறக்குறைய இத்தகையதே. புது வட்டு வழிந்ததை ஏந்துவது. ஏ.எஸ்.எம். முறையோ வேறு. அடியிற் குழாய் போட்டு ஒன்றோடொன்று இணைத்த தொட்டிகளைப் போல, புதியது சேர்ந்த கணமே பழையவற்றிலிருந்து சரக்கு அதற்குள் ஓடத் தொடங்கி யாவும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை ஓயாது. இதனைச் சமன்படுத்தல் என்போம். அலுவலகங்களில் ரீபேலன்ஸ் என்றே சொல்லுகின்றனர்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். தலைக்கு 500 ஜிகாபைட் கொள்ளும் நான்கு வட்டுகளில் மொத்தம் 1,600 ஜிகாபைட் தரவு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 400 இருக்கும். அதே அளவுள்ள ஐந்தாம் வட்டைச் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் 320 ஆகும். பழையவை நான்கும் தலைக்கு 80 வீதம் கொடுக்கப் புதியது 320 பெறும். தரவு முழுவதும் இடம் பெயர்வதில்லை. ஐந்தில் ஒரு பங்கே பெயர்கின்றது. இஃது அழகிய ஏற்பாடு. இனி, விலை மலிவென்று 2,000 ஜிகாபைட் கொள்ளும் பெரிய வட்டு ஒன்றை நிர்வாகிகள் வாங்கித் தந்தனர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவின் விகிதப்படியே தரவு பரவுமாதலின், பழையவை ஒவ்வொன்றிலும் 200 மட்டுமே எஞ்ச, புதியதொன்றில் 800 சென்று தங்கும். மொத்தத் தரவிற் பாதி ஒரே வட்டில்! படிப்பும் எழுத்தும் ஏறக்குறையப் பாதி அதன் மேலேயே விழ, மற்ற நான்கும் வேலையின்றி வீற்றிருக்கும். இடம் பெருகிற்று, வேகமோ குன்றிற்று. பழைய வஸ்திரத்திற் கோடித் துண்டை ஒட்டுப் போடுவதைக் குறித்த சுவிசேஷ உவமை இங்கே நினைவுக்கு வருகின்றது. அளவிலும் வேகத்திலும் ஒத்த வட்டுகளையே சேர்க்க வேண்டுமென்று டி.பி.ஏ. எனப்படும் தரவுத்தள அதிகாரி வற்புறுத்துவது பிடிவாதமன்று. இரண்டு வட்டுகள் தேவையாயின் அவற்றை ஒரே கட்டளையாற் சேர்ப்பதே முறை. தனித்தனியே சேர்த்தால் சரக்கை இருமுறை சுமக்க நேரும்.

தரவின் ஒவ்வொரு துண்டையும் இரண்டு படிகளாக வைத்து, ஒரு படியை ஒரு பிரிவிலும் மற்றதை மறுபிரிவிலும் காக்கும் ஏற்பாடும் உண்டு. அங்கே பிரிவு இரண்டே எனில் ஒன்றில் மட்டும் வட்டைச் சேர்ப்பது வீண். சிறிய பிரிவின் அளவே முழுக் குழுவின் அளவு ஆகிவிடும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. அதனைப் பற்றியே யாம் சற்று விரித்துரைக்க வேண்டும். 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் மின்சாரம் வழங்கத் தொடங்கின. ஓடிக்கொண்டிருக்கும் மின்வலையில் மற்றோர் இயந்திரத்தை இணைக்கும்போது, இரண்டின் அலைகளும் ஒரே தாளத்தில் எழுந்து விழுகின்றனவா என்று பார்த்தன்றிப் பொறியாளர் இணைப்பைப் போடார். வட்டு விஷயத்தில் அதற்கு ஒப்பான சோதனை யாதெனின், புது வட்டை எல்லா நோடுகளும் காண்கின்றனவா, கண்டவை ஒரே வட்டைத்தானா என்பதே. லினக்ஸ் இயங்கும் கணினி வட்டுகளுக்குத் தான் கண்ட வரிசையிலே பெயரிடுகின்றது. முதல் நோடு எஸ்.டி.சி. என்று அழைக்கும் வட்டை இரண்டாம் நோடு எஸ்.டி.டி. என்று அழைக்கலாம், நாளைக்கு மறுபடி தொடங்கும்போது இரண்டு பெயருமே மாறலாம். ஆதலின் பெயரை நம்பாமல், ஒவ்வொரு வட்டிற்கும் உரிய மாறாத அடையாள எண்ணைக் கொண்டு எல்லா நோடுகளிலும் ஒரே நிலைப்பெயரைச் சூட்டி, அதன் உரிமையையும் விதியாக எழுதி வைக்க வேண்டும்.

ஏதேனும் ஒரு நோடு வட்டைக் காணாதாயின் ஏ.எஸ்.எம். தானே மறுத்துவிடும், 15075 என்னும் எண்ணுடைய பிழை அதற்கென்றே அமைந்தது. ஆனால் இம்மறுப்பு சேர்க்கும் கணத்துக்கு மட்டுமே காவல். யாம் அறிந்த ஸ்தாபனம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். நோடுகள் இரண்டு. முதல் நோடில் உரிமை விதியை ஒழுங்காக எழுதினர். இரண்டாவதிலோ, நேரமில்லையென்று அப்போதைக்குக் கையாலே உரிமையை மாற்றி வைத்தனர். வட்டும் சேர்ந்தது; சமன்படுத்தலும் முடிந்தது; யாவரும் மகிழ்ந்தனர். ஐந்து திங்கள் சென்றபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்வேலைக்காக இரண்டையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கியபோது, கையால் மாற்றிய உரிமை மறைந்துபோயிற்று. முதல் நோடு எழுந்தது; இரண்டாவது தன் வட்டுக் குழுவையே திறக்க மாட்டாமல் நின்றது. திங்கட்கிழமை காலை பாதி வலிமையோடு அலுவலகம் நடந்தது. கட்டணம் செலுத்தும் இடத்தில் நின்ற வரிசை வாசலைத் தாண்டிற்று. அன்று வசைமொழி கேட்டவர் அவ்வேலையைச் செய்தவர் அல்லர். அவர் அதற்குள் வேறு கம்பெனிக்குச் சென்றுவிட்டார். பின்னர் வந்த இளைஞரே கேட்டார். அவரோ நம் மாணாக்கருள் ஒருவர்.

மற்றோர் அபாயமும் உண்டு. சேர்க்க முயலும் வட்டின் முகப்பில் அது வேறொரு குழுவுக்குரியது என்னும் குறி இருந்தால், ஏ.எஸ்.எம். அதனை ஏற்க மறுக்கும். அம்மறுப்பைத் தள்ளிவிட்டுச் சேர்ப்பதற்கு ஃபோர்ஸ் என்றொரு சொல் கட்டளையில் இடம் பெற்றுள்ளது. அவ்வட்டு உண்மையில் மற்றொரு கொத்தின் உயிருள்ள தரவைத் தாங்கியிருக்குமாயின், அச்சொல் அத்தரவை அழித்துவிடும். நள்ளிரவில், உறக்கக் கண்ணோடு, மேலதிகாரியின் தொலைபேசி அழைப்புகளுக்கிடையே இருப்பவர் அச்சொல்லைத் தட்டுவது எத்துணை எளிது! ஆகையால்தான் நிர்வாகிகளிடம் யாம் வேண்டுவது பணத்தினும் முன்னதாகக் காலத்தையே. குழு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிரம்பும்வரை கோப்பில் கையொப்பமிடாமலிருந்து, பின்னர் இன்றிரவே முடிக்க வேண்டுமென்று பணிப்பது நன்றன்று. அன்றியும், இரட்டைப் படி வைத்திருக்கும் குழுவில் ஒரு வட்டு கெட்டால் அதிலிருந்தவற்றை எஞ்சியவற்றில் மீளப் படியெடுக்க வெற்றிடம் வேண்டும். கடைசி விளிம்பு வரை நிரப்பியவர்க்கு அவ்விடம் எங்கிருந்து கிடைக்கும்?

சமன்படுத்தலின் வேகத்தை எண்ணால் குறிப்பிடலாம். தொடக்கப் பதிப்புகளில் 11 வரையும் பிற்காலப் பதிப்புகளில் 1024 வரையும் அவ்வெண் செல்லும். வழக்கமாக அமைந்திருப்பது 1. உயர்த்தினால் சமன்படுத்தல் விரைவில் முடியும். ஆனால் பகல் வேலையின் பங்கிலிருந்தே அவ்விரைவு கழிக்கப்படும். பகலில் தாழ்த்தியும் இரவில் உயர்த்தியும் நடத்துவதே எமக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. அவசரப்படுவோர் எப்போதும் பெரிய எண்ணையே கேட்பர்.

இவையெல்லாம் பழைய கதை, தரவுகள் மேகக் கணினிகளுக்குச் சென்றுவிட்டனவே என்று சிலர் கூறுவர். அங்கும் வட்டுகள் உள்ளன. அவற்றைப் பல நோடுகளுக்குப் பொதுவாக்கிச் சேர்ப்பவர் ஒருவர் உளர். வாங்கும் முறை மாறிற்றேயன்றி, ஒரே வட்டை எல்லாரும் காண வேண்டுமென்னும் நியதி மாறவில்லை.

நம் கல்லூரியிற் கணினி பயிலும் மாணாக்கர் தரவுத்தளப் பாடத்தில் வினாக் கட்டளைகளை நன்கு கற்கின்றனர்; அட்டவணைகளைப் பிரித்தமைக்கும் விதிகளைப் பரீட்சையில் பிழையின்றி எழுதுகின்றனர். ஆனால் வட்டு ஒன்றைச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தவர் மிகச் சிலர். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நினைவகம் மிகுந்த ஒரே கணினியில் வர்ச்சுவல் பாக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்து, அவை பகிரும் வட்டுகளையும் உண்டாக்கலாம். அதில் மாணாக்கர் வட்டைச் சேர்க்கட்டும். உரிமை விதியை வேண்டுமென்றே ஒரு நோடில் விட்டுவைத்துப் பின் நேர்வதைக் காணட்டும். சமன்படுத்தல் முடியுமுன் ஒரு வட்டைப் பிடுங்கி அதன் பயனையும் பார்க்கட்டும். இங்கே கெட்டால் யாருடைய மருத்துவக் குறிப்பும் அழியாது.

வேலை முடிந்ததென்று கையொப்பமிடுமுன் ஒவ்வொரு நோடையும் தனித்தனியே நிறுத்தித் தொடங்கி, புது வட்டோடு அது தானே எழுகின்றதா என்று பார்ப்பதை அப்பயிற்சியின் கடைசிப் பகுதியாக வைக்கலாம். ஒரு நோடு நிற்கும்போது மற்றது வேலையைத் தாங்குமாதலின், அதற்கு அலுவலகத்தை மூட வேண்டுவதில்லை. மேலே யாம் கூறிய ஸ்தாபனத்தில் அச்சோதனைக்கு அரைமணி நேரமே பிடித்திருக்கும்.