நூறில் ஒரு பங்கு நொடி!

1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம். கேரளத்துப் பய்யோலி பெண் பி.டி. உஷா ஓடி முடிக்க எடுத்த நேரம் 55.42 நொடி. ருமேனிய வீராங்கனை கொஜோகாருவுக்கு 55.41! வெண்கலம் பறிபோனது.

"துரதிர்ஷ்டம்" என்று நாடே உச்சுக்கொட்டியது. துரதிர்ஷ்டம் மட்டும்தானா? அங்கே கொடுத்த சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமே கதியாக இருந்ததாகவும், கடைசி சில மீட்டர்களில் தெம்பு போய்விட்டதாகவும் உஷாவே பிற்பாடு சொன்னார். ஆளை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அவர் என்ன சாப்பிடுவார் என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? நூறில் ஒரு பங்கு நொடிக்கு ஒரு வேளைச் சோறு போதுமே!

1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம் வாங்கினார். தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 1988 ஒலிம்பிக்கும் அதே சியோலில்தான். குதிகால் காயத்தோடு ஓடி, முதல் சுற்றிலேயே வெளியேறினார். அவ்வளவுதான், ஆடிய ஜனங்களே ஏசினார்கள். காயம் எப்படி இருக்கு என்று கேட்டவர் எத்தனை பேர்?

அடுத்த வருஷமே டெல்லி ஆசிய சாம்பியன் போட்டியில் மறுபடி 4 தங்கம். அப்புறம் கல்யாணம், குழந்தை. அதோடு விட்டாரா? 1998-ல் ஜப்பானில், 34 வயதில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம்!