படுக்க வைத்தால் தெம்பு வராது

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த அன்றே அப்பாவைக் கட்டிலில் சாய்த்துவிடுகிறார்கள். "ஆபரேஷன் வரைக்கும் அலையாதீங்கப்பா, உடம்புல தெம்பு சேரட்டும்." மாடிப்படிக்குத் தடை, தெருமுனைக் கடைக்கும் தடை. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உயிரோடு விளையாடும் பிழை இது: ஆபரேஷனுக்கு முன் நடந்து நுரையீரலைத் தயார்படுத்த வேண்டும்.

"வெட்டப்போவது உணவுக்குழாயை, இதில் நுரையீரல் எங்கே வந்தது?" என்றும் கேட்கிறார்கள். உணவுக்குழாய் மூச்சுக்குழாயின் முதுகோடு ஒட்டி மார்புக்குள் இறங்குகிறது. 1946இல் ஐவர் லூயிஸ் எழுதிவைத்த முறையில் வயிற்றையும் வலது மார்பையும் திறக்க வேண்டும். கை நுழைய இடம் வேண்டி வலது நுரையீரலைச் சுருங்கவிட்டு, இடதை மட்டும் வைத்து நெடுநேரம் மூச்சை ஓட்டுகிறார்கள். கண்விழித்த பிறகு விலாவில் வலி. வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கும், நிமோனியா வரும். 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், முழுதாகத் திறந்து அறுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்குப் பெரிய நுரையீரல் சிக்கல் வந்தது. வயிற்றுப் பகுதியை லேப்ராஸ்கோப்பியில் முடித்தவர்களிலும் 18 சதவீதம்.

அப்பா பீடி பிடிப்பவர் என்றால், அது உணவுக்குழாயைக் கெடுத்திருக்கும்போது நுரையீரலை மட்டும் விட்டுவைத்திருக்குமா? "திடீர்னு விட்டா சளி கட்டிக்கும்" என்று அதற்கும் வாய்தா வாங்குகிறோம். ஆதாரமற்ற பேச்சு. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே விட்டவர்களுக்குச் சிக்கல் குறைகிறது.

பலருக்கு முதலில் 5 வாரம் கீமோவும் கதிர்வீச்சும், அதன்பின் ஆபரேஷனுக்கு இன்னும் சில வாரங்கள். அத்தனை நாளும் படுத்தே கிடந்தால் காலோடு மூச்சுத் தசையும் வற்றும். நடந்தாலும், ஊதிப்பார்க்கும் டெஸ்டில் வரும் எண் பெரிதாக ஏறாமல் போகலாம். ஆனால் இருமும் வலுவும் எழுந்து உட்காரும் தெம்பும் கூடும். டாக்டர் சொன்ன அளவில் நடக்கவிடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்கு வந்தவர்களுக்கு, முன்கூட்டியே பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒருமுறை அரைமணி நேரம் மூச்சுப்பயிற்சி சொல்லித்தந்ததில் நுரையீரல் சிக்கல் பாதியாகக் குறைந்தது. அரைமணி நேரம்தான்!

வார்டில் மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று தருவார்கள். 'பந்து ஊதுறது' என்கிறோம், பெயரே தப்பு. ஊதக்கூடாது, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். தையல் வலியோடு கிடப்பவர் இதை அன்றைக்கா புதிதாகக் கற்பார்? ஒரு பந்துகூட அசையாமல், பரீட்சையில் தோற்ற பிள்ளைபோல் மகளைப் பார்த்த பெரியவர் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மாதம் முன்பே அந்தக் கருவி அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்க வேண்டும்.