பட்டாளத்து மணிக்கூடு

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனையில் அமைத்தார். தியத்தலாவையும் படைத்தளமாக விளங்கிற்று. ஆகவே, நுவரெலியா, அட்டன் பக்கங்களில் ‘யுத்தகாலத்து மணிக்கூடு’ என்று ஒன்று விலைக்கு வருதல் வியப்பன்று. அத்தகையதைக் காணும் மாணவர்கள் முகப்பின் அழகில் மயங்காது பின்மூடியையே முதலில் நோக்குதல் வேண்டும்.

பிரித்தானிய அரசின் உடைமைக்குரிய அடையாளம், பறவையின் காலடி போன்ற அம்புக்குறி. அதனோடு ஏ.ரி.பி. என்னும் எழுத்துக்கள் இருப்பின், அது போர்க்காலத்துத் தரைப்படைக் கடிகாரம். டபிள்யூ என்னும் எழுத்து மும்முறை வரின், 1945ஆம் ஆண்டளவில் ஒமேகா, லொஞ்சின்ஸ் முதலிய பன்னிரு சுவிஸ் நிறுவனங்கள் வழங்கிய நீர்புகா வகை. தொடரெண்ணை அடுத்த சாய்கோட்டின்பின் 69 என்றிருந்தால் ஆண்டு 1969. விற்பவர் பர்மாப் போரைப்பற்றி எத்துணை உருக்கமாகக் கதை சொன்னாலுஞ் சரியே! அம்பை மட்டும் கண்டு நம்பிவிடவும் கூடாது. அதனை எவரும் பின்னர்ப் பொறித்துவிடலாம்.

முகப்பிலே வட்டத்துள் ஆங்கில ‘ரி’ எழுத்து இருப்பின், ஒளிப்பூச்சு திரிற்றியம். போர்க்காலக் கடிகாரத்தில் அது காணப்பட்டால், முகப்பு பிற்காலத்தில் மாற்றப்பட்டதாகும். போர்க்காலத்துப் பூச்சு இரேடியம். இருளில் ஒளிரவில்லையே, இனித் தீங்கில்லை என்று எண்ணலாகாது. கெட்டுப்போனது அதனோடு கலந்த நாக சல்பைட்டே. இரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். கண்ணாடியைக் கழற்றி அப்பூச்சைச் சுரண்டினால், தூள் மூச்சோடு உட்சென்று உடலிலே தங்கிவிடும். பிள்ளைகளிடம் கொடாதீர்கள், திருத்துபவருக்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.